மாப்பிள்ளை விருந்தும் ஃப்ரீசர் சுவிட்சும்

எனக்குச் சாப்பாட்டில் பெரிய ஆசை எதுவும் கிடையாது. மீன் அன்றைக்குப் பிடித்ததாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். கடப்பாக்கத்தில், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் குடியிருப்பவன் இதைக் கேட்பது பேராசை என்று நீங்களும் சொல்ல மாட்டீர்கள்.

நான் ரிட்டயரானதும் என் மனைவி சுராயா ஒரு டீப் ஃப்ரீசர் வாங்கினாள். உள்ளே ஒரு ஆள் படுத்துப் புரளலாம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எந்தக் குழம்புக்கும் சாவு கிடையாது. பக்ரீத் கறியைப் பொங்கலுக்குச் சாப்பிட்டேன். ஒருநாள் தட்டில் விழுந்த சுறாப் புட்டு என்னைவிட சீனியர். டப்பாவுக்கு டப்பா தேதி எழுதி ஒட்டியிருப்பாள். பொழுது போகாவிட்டால் திறந்து வரலாறு படிப்பேன்.

"யாராச்சும் வந்தா டக்குனு எடுத்து வெக்கலாம்ல? உங்களுக்கு இன்னா பேஜாரு இதுல?" என்பாள்.

போன சித்திரையில் எங்கள் ஒரே மகள் ஃபைஸாவுக்கு நிக்காஹ் ஆனது. மாப்பிள்ளை தமீம் வீட்டார் செங்கல்பட்டு. பத்தாம் நாள் அவர்கள் இருபத்தைந்து பேருக்கும் எங்கள் வீட்டில் மாப்பிள்ளை விருந்து. பெண்ணைப் பெற்றவள் கையால் சமைக்க வேண்டும். அதில் ஒரு குறை வந்தால் பெண் காலத்துக்கும் பேச்சு கேட்க வேண்டும். சுராயா நாலு நாள் அடுப்படியிலேயே கிடந்து கோலா உருண்டை, கறிக் குருமா, இறால் தொக்கு எல்லாம் செய்து ஃப்ரீசரில் அடுக்கினாள். பிறகு மாப்பிள்ளைக்குத் துணி எடுக்கச் சென்னையில் தங்கை வீட்டுக்குப் போனாள். மூன்று நாள்.

அவள் பஸ் ஏறியதும் சுவிட்சை அணைத்தேன். எல்லாம் கெட்டுப்போகும், அவளுக்கு ஃப்ரீசர் மேல் வெறுப்பு வரும், விருந்துக்குப் புது மீன் வாங்கலாம். நல்லெண்ணம்தான். இரண்டாம் நாள் மாலை குருமாவில் குமிழி வந்தது. அப்போதுதான், யார் அணைத்தது என்று கேட்பாளே என்று தோன்றியது. வீட்டில் இருந்தவன் நான் ஒருவன்தான். மறுபடி போட்டுவிட்டேன். அவள் வருவதற்குள் எல்லாம் கல்லாக உறைந்து, சமர்த்தாக இருந்தது. விருந்தன்று சூடு பண்ணும்போது மசாலா வாசனை மற்றதை மூடிவிட்டது.

நான் தயிர்ச்சோறு சாப்பிட்டேன்.

"இன்னா சம்மந்தி, கறி எங்களுக்கு, தயிரு உங்களுக்கா?" என்றபடி தமீமின் தகப்பனார் மூன்றாவது உருண்டையை எடுத்தார். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். ஆனால் சாப்பிடுகிறவர் கையைத் தடுப்பது மரியாதை இல்லையே.

விடிவதற்குள் இருபத்தைந்து பேரும் ஆஸ்பத்திரியில். கட்டில் போதாமல் மாப்பிள்ளையும் தகப்பனாரும் ஒரே கட்டிலில், ஆளுக்கொரு பக்கம் தலை வைத்துப் படுத்திருந்தார்கள். பரிமாறிய களைப்பில் சுராயா அன்று சாப்பிடவே இல்லை. அதுவே அவளுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது.

"இனிமே உங்கம்மா வூட்லருந்து ஒரு வாய் தண்ணி கூட வாணாம்மா," என்று மாமியார் ஃபைஸாவிடம் சொன்னாராம். அவள் இப்போது இங்கே வருவதில்லை.

"என் கை இப்டி பண்ணிடுச்சே," என்று சுராயா ஆஸ்பத்திரி வராந்தாவில் அழுதாள். எல்லோர் முன்னாலும் சொன்னேன்: "போவட்டும் வுடு சுராயா. நான் உன்ன மன்னிச்சிட்டேன்." அன்று அவள் பக்கம் நின்றவன் நான் ஒருவன்தான்.

ஃப்ரீசரை விற்றாயிற்று. தினமும் படகிலிருந்து நேராக மீன் வருகிறது. பொரித்ததும் சுராயா முதலில் தான் ஒரு துண்டு தின்றுவிட்டு, அரை மணி நேரம் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகுதான் எனக்குப் போடுகிறாள். மீன் ஆறிப்போகிறது.

அதையும் மன்னித்துவிட்டேன்.