நாற்பத்தேழு கிலோ

மாலை ஆறே முக்கால். சின்ன விமானங்கள் நிற்கும் திடலிலிருந்து ஊருக்குத் திரும்பும் ரோடு. பதினோரு கிலோமீட்டருக்கு ஒரு வீடு கிடையாது, ஒரு விளக்கு கிடையாது. இரண்டு பக்கமும் ஆளுயரப் புல். அதில் ஒரே ஒரு கார்... மெதுவாக வந்துகொண்டிருக்கிறது.

அந்தக் காரை அப்படியே விட்டுவையுங்கள். கடைசியில் அதற்குத் திரும்பி வருவோம். கரண்ட் இப்போதைக்கு வருவதாகத் தெரியவில்லை, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். பயப்படுகிறவர்கள் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளலாம். யாருடைய கை என்று மட்டும் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

இது என் சிநேகிதனின் பெரியப்பாவுக்கு நடந்தது. பல் டாக்டர். அவரும் அவருடைய அக்கா புருஷனும் சேர்ந்து ஒரு விமானம் வைத்திருந்தார்கள். பெரிய கப்பல் மாதிரி நினைத்துக்கொள்ளாதீர்கள். ஒரே எஞ்சின், இரண்டே சீட். ஓட்டுகிறவர் இடது பக்கம், கூட வருகிறவர் வலது பக்கம். தோளும் தோளும் இடிக்கும். வயதில் டாக்டரைவிட மூத்த விமானம்.

சொந்தமாக விமானம் என்றால் நமக்கெல்லாம் வாய் பிளக்கும். டாக்டரைக் கேட்டால்தான் தெரியும். ஒரு மணி நேரம் பறக்க ஆறு மணி நேரம் குனிந்து நிமிர வேண்டும். ஆயில் மாற்று, பிளக்கைக் கழற்றித் துடை, டயருக்குக் காற்றடி, எரிபொருளில் தண்ணீர் இறங்கியிருக்கிறதா என்று குப்பியில் பிடித்துப் பார். காற்று போகும் குழாயில் குளவி கூடு கட்டியிருக்கும், அதைக் குத்தி எடு. வாரம் பூராவும் ஊரார் வாய்க்குள் குனிந்து பார்த்த மனிதர், ஞாயிற்றுக்கிழமையும் எஞ்சினுக்குள் குனிந்தே நின்றார். முதுகு விட்டுப்போயிற்று. அத்தானுக்கு மட்டும் அலுப்பே கிடையாது. அவருக்கு ஓட்டத் தெரியாது. ஆனால் துடைப்பார், கழுவுவார், கழுத்தில் வலித் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு வலது சீட்டில் ஏறுவார். பெல்ட்டை மாட்டியதும் முன் பலகையில் விரல் முட்டியால் இரண்டு தட்டு.

டக்... டக்.

கிளம்பலாம் என்று அர்த்தம்.

அப்புறம் அத்தானுக்கு உடம்புக்கு வந்தது. எண்பத்து மூன்று கிலோ மனிதர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உருகிக்கொண்டே போனார். ஒருநாள் ராத்திரி போன் பண்ணினார். "மாப்ளே, ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம் வெளிய விடறாங்களாம். ஒரே ஒரு சுத்து கூட்டிட்டுப் போயிட்டு வந்துடேன்."

டாக்டர் அன்று காலையிலிருந்து பதினெட்டுப் பேருக்குப் பல் பிடுங்கியிருந்தார். விமானத்தைத் தள்ளி வெளியே எடுக்க வேண்டும், எல்லாம் சரிபார்க்க வேண்டும், நோயாளியைத் தூக்கி ஏற்ற வேண்டும்... நினைத்தபோதே அசந்துபோனார். வாயில் வந்ததைச் சொன்னார். "ப்ளேன் ரிப்பேர் அத்தான். மேக்னட்டோ வீக்கா இருக்கு. அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

மேக்னட்டோ என்பது எஞ்சினுக்குத் தீப்பொறி தருகிற சாமான். அது சரியில்லை என்றால் ஏறக்கூடாது. அத்தான் விவரம் தெரிந்தவர், மெக்கானிக்கிடம் விசாரித்துவிடுவார். அதனால் டாக்டர் மறுநாள் போய் விமானத்தின் பதிவேட்டிலேயே எழுதிவிட்டார். 'வலது மேக்னட்டோ பலவீனம். பறக்கத் தகுதியில்லை.' அப்படி ஒரு வரி விழுந்துவிட்டால், மெக்கானிக் பார்த்துக் கையெழுத்துப் போடும்வரை யாரும் அதை எடுக்க முடியாது. எழுதியவரே நினைத்தாலும் முடியாது.

அந்த ஞாயிறு போய் அடுத்த சனிக்கிழமைதான் மெக்கானிக் வந்தார். அத்தான் வியாழக்கிழமையே போய்விட்டார்.

"ரெண்டு மேக்னட்டோவும் நல்லாத்தானே இருக்கு டாக்டர்?"

"தானா சரியாயிருக்கும்," என்றார் டாக்டர். மெக்கானிக் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். விஷயம் அதோடு அமுங்கிப்போனது. டாக்டருக்கு மட்டும் சோறு இறங்கவில்லை.

மூன்று மாதம் அவர் திடல் பக்கமே போகவில்லை. அக்காதான் போக வைத்தாள். "ஒரே ஒரு தடவை அவர் உக்காந்த சீட்ல உக்காந்து மேல போகணும்டா. இந்த ஞாயித்துக்கிழமை. மாட்டேன்னு சொல்லிடாதே." எப்படி மாட்டேன் என்பது?

அக்காவை ஏற்றுவதற்கு முன்னால் தனியாக ஒருமுறை எடுத்துப் பார்க்கலாம் என்று செவ்வாய்க்கிழமை போனார். ஓடுதளத்தின் ஓரத்தில் வெள்ளையடித்த பழைய டயர்கள் வரிசையாகக் கிடக்கும். தனியாகப் போனால் மூன்றாவது டயரில் சக்கரம் தரையை விடும். அத்தானும் இருந்தால் ஐந்தாவது. ஒன்பதாவதோடு தளம் முடிந்து நெட்டை மரங்கள்.

அன்று மூன்றாவது டயர் போனது... எழும்பவில்லை. நாலாவதும் போனது... எழும்பவில்லை. டாக்டர் எஞ்சினை அடக்கி பிரேக்கை மிதித்தார்.

மெக்கானிக் அக்கக்காகப் பார்த்தார். பிரேக் இறுகிப்போயிருக்கவில்லை, எஞ்சினில் குறையில்லை. "எடை போட்டுப் பாத்துடலாம் டாக்டர்," என்றார். எரிபொருளை வடித்துவிட்டு, மூன்று சக்கரத்துக்கும் கீழே மூன்று தராசு வைத்தார்கள். விமானத்தின் காகிதத்தில் காலி எடை ஐந்நூற்றுப் பன்னிரண்டு கிலோ.

தராசு காட்டியது ஐந்நூற்று ஐம்பத்தொன்பது.

வலது பக்கம்தான் கூடுதல். விரிப்பை எடுத்தார்கள், வால் வரைக்கும் டார்ச் அடித்தார்கள். கிடைத்தது ஒரு பேனா மூடி. மெக்கானிக் தலையைச் சொறிந்துகொண்டே வலது கதவைத் திறந்தார்.

சக்கரத்துக் கம்பி 'கிறீச்' என்றது. தராசில் எண் இறங்கியது. ஐந்நூற்றுப் பன்னிரண்டு.

"பாத்தீங்களா, தராசுலதான்..." என்று மெக்கானிக் சிரிக்கப் போனார். சிரித்து முடிக்கவில்லை. திரும்பவும் 'கிறீச்'. யாரோ நிதானமாக ஏறி உட்கார்கிற மாதிரி, எண் ஒவ்வொன்றாக ஏறியது. ஐந்நூற்று ஐம்பத்தொன்பதில் போய் நின்றது. உள்ளேயிருந்து தைல வாசனை.

மெக்கானிக் சாமான்களைக்கூடப் பொறுக்கவில்லை. "நான் கிளம்பறேன் டாக்டர்," என்று நடையைக் கட்டினார்.

டாக்டர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கணக்கு அவருக்கு உடனே புரிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய அட்டையை அவர்தானே கடைசியாகப் பார்த்தார். எடை, நாற்பத்தேழு.

என்ன செய்வார் சொல்லுங்கள். அக்கா ஒன்றும் பூஞ்சை உடம்பில்லை. அவளும் நாற்பத்தேழு கிலோவும் ஒரே சீட்டில் என்றால் விமானம் மரத்தில்தான் போய் நிற்கும். பதிவேட்டில் இன்னொரு பொய் எழுதி அவளையும் தட்டிக்கழிக்கலாம். பேனாவை எடுத்தும்விட்டார். கை வரவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தனியாகப் போனார். வலது கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். "வாங்க அத்தான்," என்றார். காலி சீட்டுக்கு பெல்ட்டை மாட்டினார். எஞ்சின் இரைச்சலுக்கு நடுவே கேட்டது.

டக்... டக்.

ஐந்தாவது டயரில் எழும்பியது. ஊரை ஒரு சுற்று, ஏரியை ஒரு சுற்று, அக்கா வீட்டு மொட்டை மாடிக்கு மேலே ஒரு சுற்று. டாக்டர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கீழே விளக்குகள் ஏற ஆரம்பித்தபோது மட்டும் பேசினார். "மேக்னட்டோ நல்லாத்தான் இருந்துச்சு அத்தான். எனக்குத்தான் அலுப்பா இருந்துச்சு. மன்னிச்சுடுங்க."  கண்ணைத் துடைத்துக்கொண்டு இறக்கினார்.

வலது கதவைத் திறந்தார். 'கிறீச்'. தராசில் ஏற்றிப் பார்த்தார். ஐந்நூற்றுப் பன்னிரண்டும், மிச்சமிருந்த எரிபொருளும். அவ்வளவுதான். அரை மணி நேரம் காத்திருந்தார். எண் அசையவில்லை. மூன்று மாதமாக நெஞ்சில் கிடந்த பாரம் அன்றுதான் இறங்கியது.

காரில் ஏறினார். அவருடைய கார், பக்கத்துச் சீட்டில் கனமாக எதை வைத்தாலும் பெல்ட் போடச் சொல்லிக் கத்தும். டூல் பாக்ஸுக்கே பெல்ட் போட்டுப் பழகியவர். அன்று டூல் பாக்ஸ் விமானக் கொட்டகையிலேயே இருந்தது. சீட்டு காலி.

கார் கத்தியது. பீப்... பீப்... பீப்...

டாக்டர் ஸ்டியரிங் மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். ஓடக்கூடத் தெம்பில்லை அவருக்கு. அப்புறம் கையை நீட்டி, காலி சீட்டுக்கு பெல்ட்டை இழுத்து மாட்டினார். சத்தம் நின்றது.

டக்... டக்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவை அழைத்துப்போனார். விமானம் பூ மாதிரி எழும்பியது. அக்கா வலது சீட்டைத் தடவித் தடவி அழுதாள், சிரித்தாள், இறங்கும்போது தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது. திரும்பும்போது அவள் காரின் முன் கதவைத் திறக்கப் போனாள்.

"பின்னாடி உக்காருக்கா."

"ஏன்டா, முன்னாடி யாரு?"

பெல்ட் மாட்டியிருந்த காலி சீட்டை அக்கா பார்த்தாள். மூக்கை உறிஞ்சினாள், தைல வாசனை. பின்னால் ஏறி, சீட்டின் நடுவில் உட்கார்ந்தாள்.

ஆமாம், நான் விட்டுவைக்கச் சொன்ன கார் இதுதான். மாலை ஆறே முக்கால், இரண்டு பக்கமும் புல். பாதி வழி வந்தாயிற்று. அப்புறம் அக்கா கேட்டாள், ரொம்ப மெதுவாக.

"அன்னிக்கு ப்ளேன் நெசமாவே ரிப்பேரா?"

டாக்டர் இப்போது சொல்ல வேண்டும். சொன்னால் அவள் அழுவாள், கேட்பாள், இவர் விளக்க வேண்டும்... ராத்திரி பூராவும் போகும். அவருக்கு அவ்வளவு அசதி.

"ஆமாக்கா," என்றார். "மேக்னட்டோ வீக்."

பக்கத்துச் சீட்டில் 'க்ளிக்' என்று பெல்ட் கழன்றது.

பீப்... பீப்... பீப்...

மூன்று தடவை. அப்புறம் தானாகவே நின்றது. டாக்டர் கண்ணாடியில் பின்னால் பார்த்தார்.

அக்கா கதவோரமாக நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டு உட்கார்ந்திருந்தாள்.