நின்று பிடித்த ஓக் கதவு

எங்கள் பண்ணை வீட்டில் ஒரு சுவர்கூட நேராக நிற்காது, இன்ஸ்பெக்டர். கோணல் வீடு என்று சிரிப்பவர்களோடு நான் பேச்சு வைத்துக்கொள்வதில்லை. நம் சஃபோக் மாவட்டத்தில் காயாத பச்சை ஓக் மரத்தை அறுத்துச் சட்டம் கட்டிய பழைய வீடுகள் எல்லாம் அப்படித்தான். காயக் காய மரம் தன் இஷ்டத்துக்கு முறுக்கிக்கொள்ளும். மூட்டுகளில் இரும்பாணி கிடையாது, எல்லாம் மரமுளை. நடுவே குச்சி பின்னிக் களிமண் அப்பியிருக்கும்.

என் மனைவி தெல்மா நல்லவள்தான். ஆனால் குனிந்து நடக்க மட்டும் கற்றுக்கொள்ளவே இல்லை. உத்தரத்தில் நெற்றியை இடித்துக்கொள்வாள். நான் ஓடிப்போய் உத்தரத்தைத் தடவிப் பார்ப்பேன்.

மாடி அறை இருட்டாம். "ஒரே ஒரு கால்மரத்தை அறுத்துட்டு ஜன்னலைப் பெருசாக்கலாம், எட்வின். பட்டப்பகல்ல விளக்கைப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன்" என்பாள்.

"அந்த மரம் உன் முப்பாட்டனுக்கும் மூத்தது. வெளிச்சம் வேணும்னா வயல்ல போய் உக்காரு."

"உங்களுக்கு நான் பெண்டாட்டியா, இந்த வீடா?"

பதில் சொல்லி அவள் மனதை நோகடிக்க நான் விரும்பவில்லை.

குளிர் தாங்கவில்லை என்று எனக்குத் தெரியாமல் மாடி அறையில் ஒரு ஹீட்டர் வாங்கி வைத்திருந்தாள். அன்று மத்தியானம் அதிலிருந்து திரைச்சீலை பற்றிக்கொண்டது. புகை நாற்றம் வந்து நான் மேலே ஓடிக் கதவைத் திறந்தேன். அவள் இருமிக்கொண்டே தரையில் தவழ்ந்து வந்தாள்.

"கையைக் கொடுங்க" என்றாள்.

திறந்த கதவின் காற்றில் தீ குபீரென்று எழுந்து விட்டத்தைத் தொட்டது. அதற்கு மேலே வைக்கோல் கூரை. கதவை இழுத்துச் சாத்தி வெளித்தாழைப் போட்டேன். காற்று இல்லாவிட்டால் தீ அடங்கும். ஓக் மேலே கரியானாலும் உள்ளே வைரம் பாய்ந்த கட்டை அப்படியே இருக்கும். அவள் கதவைத் தட்டத் தொடங்கினாள். கதவு நன்றாகத் தாங்கியது. கீழே போய்த் தீயணைப்புக்குப் போன் செய்தேன்.

வண்டி வந்ததும் ஓர் ஆள், "உள்ளே யாராச்சும் இருக்காங்களா?" என்று கத்தினான். இருக்கிறாள் என்றால் கோடரியால் சுவரைப் பிளந்துவிடுவார்கள்.

"யாரும் இல்லை. கூரையை நனைங்க" என்றேன்.

அவள் தட்டுவது வண்டிச் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது.

ஆமாம், கொன்றது நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். மழை பிடிப்பதற்குள் என்னை அனுப்பிவிடுங்கள். கூரை ஒரு மூலையில் பொத்தலாகிக் கிடக்கிறது. பாவம், வீடு தனியாக இருக்கிறது.