ஒத்திகை இல்லாத முகம்

படம் பார்த்துவிட்டு வெளியே வருகிறவரிடம் மைக்கை வாய்க்கு நேராக நீட்டக் கூடாது, சார். நெஞ்சுக்குக் கொஞ்சம் கீழே பிடித்துக்கொள்ள வேண்டும். வாய்க்கு நேரே நீட்டினால் ஆள் மேடைப் பேச்சுக்குப் போய்விடுவார். கீழே பிடித்தால் மைக்கை மறந்துவிட்டு நம் கண்ணைப் பார்த்துப் பேசுவார். மேசையில் நீங்கள் வைத்திருக்கிற ரெக்கார்டரைக்கூட சற்று ஓரமாகத் தள்ளி வைக்கலாம். எனக்காகச் சொல்லவில்லை, நான் எப்படியும் பேசுவேன். எனக்குப் பிறகு இந்த நாற்காலிக்கு வருகிறவருக்காகச் சொல்கிறேன்.

என் வேலை தியேட்டர் வாசலில் நின்று "படம் எப்படி இருக்கு?" என்று கேட்பது. கூட ஒரு கேமராக்காரன் உண்டு. ஒட்டடை என்று கூப்பிடுவோம், ஒட்டடைக்குச்சியின் உயரமும் பருமனும். படம் பார்த்தவன் முகத்தைப் பார்ப்பதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது, சார். சிரிக்காதீர்கள், உங்கள் வீட்டிலும் யாராவது பார்ப்பார்கள்.

இதில் ஒரே கஷ்டம், எல்லாரும் பொய் சொல்வார்கள். கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. இருக்கையிலிருந்து எழுந்து வாசலுக்கு வருவதற்குள் ஆளாளுக்கு ஒரு வாக்கியத்தைத் தயார் செய்துவிடுவார்கள். "வேற லெவல்." "மெரட்டிட்டாங்க." "செகண்ட் ஹாஃப் கொஞ்சம் இழுவை." அரைத்த மாவையே அரைப்பார்கள். கேமராவைக் கண்டதும் தலைமுடியைக் கோதிக்கொள்வார்கள். ஒருநாள் ஒருவர் தேம்பித் தேம்பி அழுதுகொண்டே வந்தார். விழுந்தடித்து ஓடி மைக்கை நீட்டினேன். பர்ஸைத் தொலைத்துவிட்டாராம்.

அப்போதுதான் அந்த விண்வெளிப் படம் வந்தது. கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. மனிதர்களில் மிச்சம் இருப்பவர்கள் ஒரு கப்பலில் ஏறி, செத்துக்கொண்டிருக்கிற ஒரு சூரியனுக்கு அருகில் போகிறார்கள். பிற்பாதியில் அந்தச் சூரியன் உடைகிறது. திரை முழுக்க வெள்ளை, கறுப்பு, மறுபடி வெள்ளை. வெளிச்சம் துடித்துத் துடித்து அடங்க, அதற்குள்ளிருந்து இன்னொரு வானம் விரியும். நானே பலமுறை பார்த்தேன். சொன்னால் விளங்காது.

அந்தப் படத்தின் வாசலில்தான் முதல்முறையாக ஜனங்கள் பேச்சில்லாமல் வந்தார்கள். ஒரு லாரி டிரைவர், கழுத்து எங்கே என்று தேட வேண்டிய ஆள், என் கையைப் பிடித்துக்கொண்டு "என்னன்னு சொல்றது... என்னன்னு சொல்றது" என்றார். பிறகு என் கன்னத்தில் லேசாகத் தட்டிவிட்டுப் போய்விட்டார். ஒரு டீச்சர் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒரு கணவனும் மனைவியும் கைகோத்தபடி தங்கள் காரையே தாண்டி நடந்துபோனார்கள். முதல் நாள் வலிப்பு வந்த ஒருவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், பிழைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு தியேட்டர்காரர்கள் டிக்கெட் கவுண்டருக்கு மேலே ஒரு எச்சரிக்கை ஒட்டினார்கள். வலிப்பு உள்ளவர்கள் இந்தப் படத்தைப் பார்க்க வேண்டாம் என்று. நாங்கள் நிற்கிற இடத்தில் அது பின்னணியில் விழுந்தது. முகத்திலிருந்து பார்வையாளர் கவனத்தைத் திருப்புகிறது என்று ஒட்டடையை இரண்டடி தள்ளி நிற்கச் சொன்னேன்.

அந்த எச்சரிக்கை உங்களுக்கு ஒரு சாட்சியம் என்று தெரிகிறது. எழுதிக்கொள்ளுங்கள். தினமும் அதை நான் படித்தேன்.

எனக்கு ஆசை வந்துவிட்டது, சார். வாசலில் கிடைப்பது ஆறிப்போன முகம். எனக்கு அது நடக்கிற நேரத்து முகம் வேண்டியிருந்தது. இருட்டில் எடுக்கிற சின்னக் கேமராவை ஒட்டடையிடம் கேட்டேன். "உள்ள எடுக்கக் கூடாதுண்ணே, மாட்டினா தோல உரிச்சுடுவாங்க" என்றான். "நான் திரைய எடுக்கப் போறதில்லடா, மூஞ்சியத்தான்" என்றேன். முனகிக்கொண்டே கொடுத்தான். சில காட்சிகளுக்கு ஓர இருக்கையில் உட்கார்ந்து எடுத்தேன். ஏமாற்றம்தான். அங்கேயும் அப்படித்தான். பெரிய திரையில் எத்தனையோ பார்த்துத் தேய்ந்துபோன கண்கள். வியப்பு வருவதற்கு முன்பே வாய் வியக்கத் தயாராகிவிடுகிறது.

இனி என் தங்கச்சி. முப்பதை நெருங்கியும் எனக்கு அவள் பாப்பாதான். அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவளுக்கு நான், எனக்கு அவள். ஆஸ்பத்திரிக்கும் ஹோட்டலுக்கும் வீட்டிலிருந்தே யூனிஃபார்ம் தைப்பாள். சின்ன வயதிலிருந்தே வலிப்பு. வெளிச்சம் விட்டுவிட்டு அடித்தால் போதும், வந்துவிடும். எங்கள் வீட்டில் டியூப்லைட் கிடையாது. தெருவில் ஆம்புலன்ஸ் திரும்புகிற சத்தம் கேட்டால் ஜன்னல் திரையை இழுத்துவிட்டுத்தான் எனக்கு மறுவேலை. மாத்திரை எடுத்துக் கொடுப்பது நான், ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவது நான். கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டேன். அக்கம்பக்கத்தில் யாரிடம் வேண்டுமானாலும் விசாரியுங்கள். எனக்கு அவள் உயிர்.

அவளுக்கு சினிமா என்றால் காதால் கேட்பது. டி.வி.யில் படம் ஓடும்போது அடுத்த அறையில், தையல் மெஷினில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பாள். "இப்ப என்னண்ணா காட்றான்?" என்பாள். நான் சொல்வேன். சில நேரம் குறும்புக்கு மொட்டை முகத்து வில்லனுக்கு மீசை வைத்துவிடுவேன். "போண்ணா, ரீல் விடாத. மீச வெச்சவன் குரலா இது?" என்று கண்டுபிடித்துவிடுவாள். என்னோடு பார்த்த படத்தையெல்லாம் அவள் என் வாயால் பார்த்தாள். வேறு எந்த அண்ணனும் அவ்வளவு பொறுமையாகச் சொல்லியிருக்க மாட்டான்.

வீட்டில் உட்கார்ந்து நான் வீடியோவை வெட்டி ஒட்டும்போது அந்த லாரி டிரைவரின் குரல் அவள் காதில் விழுந்தது. மெஷினை நிறுத்தினாள்.

"இவரு ஏண்ணா பேச மாட்டேங்குறாரு?"

"பேச முடியல."

"அப்படி என்ன வருது அதுல? சொல்லேன்."

சொல்லத்தான் வாயெடுத்தேன். திரும்பிப் பார்த்தேன். அவள் கழுத்தை நீட்டி, உதட்டைக் கொஞ்சம் திறந்து, காத்துக்கொண்டிருந்தாள். வாழ்க்கையில் ஒரு தடவைகூட பெரிய திரையைப் பார்க்காத கண். ஊரெல்லாம் தேடினேன், வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது.

"வாயால சொல்ற விஷயம் இல்ல பாப்பா. பாத்தாத்தான் தெரியும்" என்றேன்.

பொய் இல்லையே, சார். மறுநாளும் கேட்டாள். அதற்கு மறுநாளும் கேட்டாள். கெஞ்சினாள், கோபித்துக்கொண்டாள், எனக்குச் சோறு போட்ட தட்டை நங்கென்று வைத்தாள். நான் அதே பதிலைச் சொன்னேன். நான் அவளைக் கூப்பிடவில்லை. 'வா' என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தேன், அவ்வளவுதான்.

கடைசியில் அவளே கேட்டாள். "ஒரே ஒரு தடவ பாத்துடட்டுமாண்ணா? செத்தா போயிடுவேன்?"

"ச்சீ, வாயக் கழுவு" என்றேன். அதை மனசாரத்தான் சொன்னேன்.

டாக்டர் எப்போதோ ஒன்று சொல்லியிருந்தார். தியேட்டர் பக்கமே போகக் கூடாது. தப்பித் தவறி அந்த மாதிரி வெளிச்சத்தில் மாட்டிக்கொண்டால் ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு விலகிவிட வேண்டும். அதில் நடுவில் இருப்பதை மட்டும் எடுத்துக்கொண்டேன். "ஒரு கண்ணப் பொத்திக்கிட்டாப் பரவாயில்லன்னு டாக்டர் சொல்லியிருக்காரே" என்றேன். அவளுக்குத் தயக்கம் போகவில்லை. அதனால் ஒரு ஏற்பாடும் சொன்னேன். "அந்தக் காட்சி எப்ப வரும்னு எனக்குத் தெரியும். வர்றதுக்கு முன்னாடி உன் கைய அழுத்துறேன். ரெண்டு கண்ணையும் இறுக்க மூடிக்க. மேல துப்பட்டாவப் போட்டுக்க. முடிஞ்சதும் மறுபடி அழுத்துறேன். நடுவுல வர்றத நானே காதுல சொல்லிடறேன்."

"அப்ப எப்பவும் போலத்தான்" என்று சிரித்தாள். அவளுக்கு அது போதுமாக இருந்தது. எனக்குத்தான் போதவில்லை.

மாத்திரை விஷயத்தை நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்லிவிடுகிறேன். மாத்திரை போட்டால் அவள் முகத்தில் ஒரு மந்தம் வரும், இமை பாதி இறங்கிவிடும். முந்தின நாள் இரவும் அன்று காலையும் "படத்துல தூங்கி வழிவ, வந்து போட்டுக்கலாம்" என்று எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். அவள் மறுத்துப் பேசவில்லை. என்னை நம்பாமல் யாரை நம்புவாள்.

பகல் காட்சிக்குப் போனோம். வெட்டிய துணிகளில் மிஞ்சியதை ஒட்டுப்போட்டு அவளே தைத்த ஒரு சட்டை போட்டிருந்தாள். கவுண்டர் பக்கம் அந்த எச்சரிக்கை அவள் கண்ணில் படாதபடி நான் மறைத்து நின்றுகொண்டேன். உள்ளே விளக்கு அணைந்து கப்பல் திரையில் வந்ததும் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ண்ணா, இவ்ளோ பெருசா இருக்கும்னு நீ சொல்லவே இல்லையே."

எனக்குச் சுருக்கென்றது. அத்தனை வருஷம் சொல்லியிருக்கிறேன், அளவைச் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. இடைவேளையில் ஐஸ்கிரீம் கேட்டாள். கூட்டத்தில் வரிசையில் நின்று வாங்கிக் கொடுத்தேன். "எனக்கு ஒண்ணும் ஆகல பாத்தியா" என்றாள், உதட்டில் ஐஸ்கிரீமோடு. அப்போதே கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம் என்று ஒட்டடை அழுதானாம். போயிருக்கலாம்தான். எனக்கும் அந்த எண்ணம் வந்தது. ஆனால் இடைவேளை வரை அவள் முகத்தில் பார்த்ததை நீங்கள் பார்க்கவில்லை, சார். ஒரு பூச்சு இல்லை, ஒரு வேஷம் இல்லை. இதுவே இப்படியென்றால், சூரியன் உடையும்போது எப்படி இருக்கும் என்று நினைத்தேன்.

பிற்பாதியில் அவள் கை என் கைக்குள் இருந்தது. கப்பலில் எல்லாரும் பேச்சை நிறுத்துகிற இடம் வந்தது. அதற்கடுத்துத்தான் அந்தக் காட்சி. அவள் உள்ளங்கை வேர்த்திருந்தது. அழுத்தலுக்காகக் காத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

உங்கள் அறிக்கையில் 'படத்தில் லயித்துச் சைகை கொடுக்க மறந்துவிட்டார்' என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் நல்ல மனிதர், என்னைப் பார்த்து இரக்கப்பட்டு எழுதியது தெரிகிறது. ஆனால் அது சரியில்லை, திருத்திவிடுங்கள். நான் மறக்கவில்லை. நான் திரையைப் பார்க்கவே இல்லை. அந்தச் சின்னக் கேமரா ஆடாமல் இருக்க இரண்டு கையும் தேவைப்பட்டது. அதனால் அவள் கையை மெல்ல விடுவித்து அவள் மடியிலேயே வைத்தேன்.

பிறகு வெளிச்சம் வந்தது.

முதலில் அவள் கண் விரிந்தது. வாய் திறந்தது. நான் இத்தனை காலம் வாசலில் நின்று தேடியது அதுதான். பிறகு இமைகள் துடித்தன, கழுத்து ஒரு பக்கமாக விறைத்தது, உடம்பு உதறியது. தியேட்டரே ஓவென்று கத்திக்கொண்டிருந்ததால் யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்து இருக்கைக்காரர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அவள் புல்லரித்து நடுங்குகிறாள் என்று நினைத்திருக்க வேண்டும். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு மறுபடி திரைக்குத் திரும்பிக்கொண்டார். நானும் பதிலுக்குச் சிரித்தேன்.

உடனே தூக்கி வந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இருக்கலாம். காட்சி முடிந்து அந்த இன்னொரு வானம் விரிகிறவரை நான் கேமராவை இறக்கவில்லை. பாதியில் நிறுத்தினால் அவ்வளவும் வீணாகிவிடும் என்று தோன்றியது. முடிந்த பிறகுதான் கத்தினேன். அந்தக் கத்தல் உண்மையான கத்தல், சார். அழுகையும் உண்மை. என் பாப்பா போய்விட்டாள், எனக்கு இனி யார் இருக்கிறார்கள்.

கொலை என்று எழுதுவதானால் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். எனக்கு அதில் தகராறு இல்லை. அவள் கேட்டதை நான் காட்டினேன் என்றும் ஒரு வரி சேர்த்தால் நன்றாக இருக்கும்.

காலையில் அந்த வீடியோவை எனக்குப் போட்டுக் காட்டினீர்கள். நானும் பதறாமல் முழுதாகப் பார்த்தேன். ஒரு குறைதான். இமை துடிக்கத் தொடங்கிய அந்தச் சமயத்தில் அவள் திரையை விட்டு முகத்தைத் திருப்பிவிடுகிறாள். வெறுங்கை காற்றில் எதையோ துழாவுகிறது. கண் நேராகக் கேமராவுக்கு வருகிறது. கேமரா என் மூஞ்சிக்கு முன்னால் இருந்தது. சூரியன் உடைந்துகொண்டிருந்தது, சார், ஊரே அதைப் பார்க்கத்தான் அடித்துப் பிடித்துக்கொண்டு வந்தது. அவ்வளவு பெரிய காட்சியை விட்டுவிட்டு அவள் ஏன் என்னைப் பார்த்தாள் என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.