நானூற்றுப் பன்னிரண்டு எச்சரிக்கைகள்

அன்று அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர்: நான், என் தம்பி, என் மருமகள், அவளுடைய அப்பாவான என் சம்பந்தி, எங்கள் மென்பொருளை வாங்க வந்திருந்த இன்ஜினியர். மின்விசிறி நன்றாக ஓடியது. யாருக்கும் எந்தக் குறையும் இல்லை.

லிஃப்டுகளை ஓட்டும் மென்பொருள் எழுதுவது எங்கள் குடும்பத் தொழில். அப்பா காலத்திலிருந்தே ஒரு முறை உண்டு. எழுதிய கோப்புகளையெல்லாம் ஒரே மென்பொருளாகக் கட்டும் பில்டு ஓடி முடியும்போது திரையில் ஓர் எச்சரிக்கைகூட வரக் கூடாது. வந்தால், அந்தக் கோப்பை எழுதியவர் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று அதை வாசிக்க வேண்டும். முப்பத்தொரு வருடங்களில் நான் ஒருமுறைகூட எழுந்து நின்றதில்லை.

நாங்கள் எழுதுவதை இயந்திர மொழிக்கு மாற்றித் தருவது கம்பைலர். பழைய லிஃப்டுகளுக்குப் பழைய கம்பைலர். புதியவற்றுக்கு மருமகள் ஒரு புதிய கம்பைலரைக் கொண்டுவந்தாள். இரண்டு மாடிகளில் ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்தினால், உள்ளே ஒரே சமயத்தில் ஓடும் வேலைகளான த்ரெட்கள் ஒன்றையொன்று மிதிக்கக் கூடாது. அந்தப் பாதுகாப்புக்காக பில்டு அமைப்பில் கம்பைலருக்கு ஒன்றாக இரண்டு வரிகள் சேர்த்தாள். பழையது வாயே திறக்கவில்லை. புதியது பாதுகாப்பைத் துருவிப் பார்க்கும் ரகம். முந்தின நாள் நானூற்றுப் பன்னிரண்டு எச்சரிக்கைகளைக் கொட்டியது. அத்தனையும் என் கோப்பில்.

"ரெண்டு நாள் குடுங்க மாமா, சரி பண்ணிடறேன்" என்றாள்.

"நாளைக்குக் காலைல ஆள் வராங்கம்மா."

"அப்ப நாளைக்கு நின்னு வாசிச்சிடுங்க. நடுவுல தொண்டை காஞ்சா நான் தண்ணி தரேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நல்ல பெண். ஆனால் அவளுடைய அப்பாவும் மறுநாள் வருவதாக இருந்தது. சம்பந்தி முன்னால் நான் நின்று வாசிப்பதா?

அவள் சாப்பிடப் போனதும் புதிய கம்பைலருக்கான வரியை எடுத்துவிட்டேன். பாதுகாப்பு போனது, எச்சரிக்கைகளும் போயின. மறுநாள் பில்டு துடைத்துவிட்டதுபோல் முடிந்தது.

"அண்ணன் கோப்புன்னா கம்பைலருக்கே பயம்!" என்றான் தம்பி.

மருமகள் புருவத்தைச் சுருக்கினாள். "நேத்து அத்தனை எச்சரிக்கை இருந்துச்சே சின்ன மாமா. ஒரு நிமிஷம், பாத்துட்டு லிஃப்ட்ல ஏறலாம்."

"நல்ல நேரத்துல குறுக்க பேசாதம்மா" என்றேன்.

அந்த மென்பொருளில் ஓடும் எங்கள் கட்டடத்துப் புதிய லிஃப்டில், தரைத்தளத்திலிருந்து ஏழாம் மாடிக்குப் போக, தம்பியும் சம்பந்தியும் இன்ஜினியரும் ஏறினார்கள். இரண்டாம் மாடியில் ஒருவரும் ஆறாம் மாடியில் ஒருவரும் ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்தினார்கள். லிஃப்ட் யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் நான்குக்கும் ஐந்துக்கும் நடுவில் நின்றது. மூன்று மணி நேரம்.

"பொண்ணு குடுத்த எடத்துல இப்பிடித்தான் தொங்கவிடுவாங்களா?" என்று சம்பந்தியின் குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது.

வெளியே வந்ததும் தம்பி மருமகளை வேலையிலிருந்து நீக்கினான். புதிய கம்பைலர் அவள் கொண்டுவந்ததுதானே. "அந்த வரிய யாரு எடுத்தது?" என்று அவள் ஒவ்வொருவரையும் கேட்டாள். அழுதாள். நான்தான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். நம் வீட்டுப் பெண் அல்லவா.

நான் வாய் திறந்திருக்கலாம். ஆனால் அவளுக்குப் போனது ஒரு வேலை. எனக்குப் போயிருக்கக்கூடியது குடும்பத்தின் பெயர். நிதானமாக யோசித்தால் உங்களுக்கே விளங்கும்.

வரியை எடுத்தது நான்தான் என்று பிறகு எப்படியோ தெரிந்துவிட்டது. பெரியவர் பாவம், வயதாகிவிட்டது, எதையோ தெரியாமல் தட்டிவிட்டார் என்று இப்போது அலுவலகத்தில் பேசிக்கொள்கிறார்களாம். அது பொய். அந்த வரியின் வேலை எனக்கு நன்றாகத் தெரியும். அவர்கள் லிஃப்டில் ஏறியபோது நான் ஏழு மாடியும் படியேறித்தான் போனேன்.