யோகப்பிரியாவின் இடது முழங்கால்

2024 மார்ச் 10, ஞாயிற்றுக்கிழமை மாலை, நல்லேப்பிள்ளியில் அறுப்பு முடிந்த வயலில் நடந்த பெண்கள் கபடிப் போட்டியில் யோகப்பிரியாவின் இடது முழங்கால் தசைநார் அறுந்தது. ஐஸ் கட்டி வைத்துக் கட்டுப் போட்டவன் நான். கட்டு சரியாக இருக்கிறதென்று ஆஸ்பத்திரியில்கூடச் சொன்னார்கள்.

எங்கள் கபடிச் சங்கத்துப் பெண்களுக்கு நான்தான் பயிற்சியாளர். கோயமுத்தூரில் ஒரு பயிற்சியாளர் முகாமுக்குப் போய்வந்த பிறகு எனக்கு ஒன்று விளங்கியது. விளையாட்டில் கால் போவது விதியால் அல்ல; குதித்து இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் சாய்வதால். ஒற்றைக் காலில் நின்று பழகினால், பூனைபோல் ஓசையின்றி இறங்கப் பழகினால், பெரும்பாலான காயங்களைத் தவிர்க்கலாம். அன்றிலிருந்து தினமும் விடியலில் எங்கள் பெண்கள் வயலில் ஒற்றைக் காலில் நின்றார்கள்.

யோகப்பிரியா மட்டும் நிற்கவில்லை. அணியின் முதல் ரைடர். உறவில் எனக்கு மருமகள் முறை. போலீஸ் வேலைக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் அவளுக்கு ஏப்ரலில் தேர்வு இருந்தது.

“ஏனுங் மாமா, தலையில நாத்து முடியத் தூக்கிட்டு வரப்புல ஓடறவளுக்கு நிக்கச் சொல்லிக் குடுக்கறீங்களாக்கு?” என்றாள். நின்றுகொண்டிருந்தவர்கள் சிரித்ததில் இரண்டு பேர் விழுந்தார்கள்.

நான் கோபப்படவில்லை. பொறுமை பயிற்சியாளனுக்கு அவசியம்.

பயிற்சியை எல்லாப் பள்ளிகளிலும் கொண்டுவரலாமா என்று பஞ்சாயத்தில் பேச்சு வந்தது. வார்டு மெம்பர் நாச்சம்மாள் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: “ஏனுங் பூபதி, ஒத்தக்கால்ல நின்ன புள்ளைகளுக்கும் ஒண்ணும் ஆகுல, நிக்காத புள்ளைக்கும் ஒண்ணும் ஆகுல. அப்பறம் எதுக்குங்க இந்தக் கொக்காட்டம்?”

நியாயமான கேள்வி. நடக்காத விபத்தை யாருக்கும் காட்ட முடியாது. என் பயிற்சிக்குக் குறை அது ஒன்றுதான்.

ஆட்டக்களத்துக்கு மேல்புற வயல் எங்களுடையது. போட்டிக்கு முந்தைய மாலை மடையைத் திறந்து, நடுக்கோட்டின் இடது ஓரத்துக்குத் தண்ணீர் விட்டேன். மற்றவர்கள் அந்தக் கோட்டை ஓடித் தாண்டுவார்கள்; யோகப்பிரியா தாவி இறங்குவாள், எப்போதும் இடது ஓரத்தில். மார்ச் வெயிலில் மேல்மண் மதியத்துக்குள் வெளுத்துவிடும். அடிக்களி ஈரமாகவே இருக்கும். அவளும் குடியானவர் வீட்டுப் பெண், மிச்சமிருக்கும் நிற வித்தியாசத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடுவாள் என்பதால் மேலே புழுதி தூவினேன்.

பாதம் களியில் சிக்கிக்கொண்டது. உடம்பு திரும்பியது. முழங்கால், முகாமில் காட்டிய படத்தில் உள்ளபடியே, உள்பக்கம் சாய்ந்தது.

“மாமா, செலக்‌ஷன் போச்சுங்களே” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அழுவாத கண்ணு. நான் அப்பவே சொன்னனல்லோ” என்றேன்.

இதுவரை யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன். நான் மண்ணைத்தான் நனைத்தேன். ஒழுங்காகப் பழகியிருந்தால் அந்த மண்ணிலும் அவள் முழங்கால் நேராக நின்றிருக்கும். அவள் பிடிவாதத்துக்கு நான் பொறுப்பாக முடியாது.

அந்த மாதமே பஞ்சாயத்து ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. நாச்சம்மாள் எனக்குப் பொன்னாடை போர்த்தினார். யோகப்பிரியா தேர்வுக்குப் போகவில்லை. அடுத்த தேர்வு வந்தபோது வயது வரம்பைக் கடந்திருந்தாள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு, இப்போது தினமும் என்னிடம்தான் பயிற்சிக்கு வருகிறாள்.