கட்டத்தைத் தொட்டதும் வந்து நின்ற மெயில் ஐடி

திருவான்மியூரில் ஏறிய பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும். அடையாறு தாண்டியதும் அந்தம்மா வெடித்தார்.

“முதியோர் இல்லத்து வெப்சைட்ல உங்களுக்கு என்னங்க வேலை?”

“எந்த இல்லம்?”

“அம்மா பொறந்தநாளுக்கு அங்க ஒருவேளை சாப்பாடு போடலாம்னு உங்க லேப்டாப்ல தொறந்தேன். லாகின்ல பேர் போடற கட்டத்தைத் தொட்டதும் உங்க மெயில் ஐடி வந்து நிக்குது, பாஸ்வேர்டோட!”

“அது பாஸ்வேர்ட் மேனேஜர்மா, தானாவே நிரப்பிடும். நாம ஐகானை அழுத்தினா மட்டும் வர்ற மாதிரி செட்டிங்ஸ்ல மாத்தியிருக்கணும். மறந்துட்டேன்.”

“ஓ, தப்பு செட்டிங்ஸ் மேலயா? உங்கம்மா பெங்களூர்ல உங்கண்ணன் வீட்ல இருக்காங்க. நம்ம வீட்ல இருக்கறது யாரோட அம்மா? சொல்லுங்க!”

“சும்மா விசாரிச்சு வெச்சேன்…”

“இன்னைக்கு அம்மா எதிர்ல உக்காந்து இதையே சொல்லுங்க. சொல்லாம சாப்பாட்டுத் தட்டைத் தொடக் கூடாது.”

கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் யோக்கியன்தான். ஆனாலும் ஃபோனை எடுத்து, அந்தச் செட்டிங்ஸைத் தேடிப்பிடித்து மாற்றி நிமிர்ந்தபோது, இறங்க வேண்டிய சாந்தோம் போய்விட்டிருந்தது. மாற்றியது ஃபோனில் மட்டும்தான். என் லேப்டாப் வீட்டில், என் மனைவி மடியில் இருக்கிறது என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.