தேவாங்கின் இடது கண்

என் பெயர் முபீனா. வயது 34. கணவர் பெயர் நைனா முகம்மது. விருத்தாசலம் ஆலடி ரோட்டில் 14ஆம் எண் வீட்டில் மகள் உமைராவுடன் குடியிருந்து வருகிறேன். தொழில் என்ற இடத்தில் இல்லத்தரசி என்று எழுதப் போனார்கள். அதை அடித்துவிட்டு, செராமிக் பொம்மைக் கம்பெனியில் பெயிண்டர் என்று எழுதச் சொன்னேன். எட்டு வருடமாக அந்த வேலை பார்க்கிறேன். இந்த விவகாரமே அந்த ஒரு வார்த்தையில்தான் நிற்கிறது என்பதால் அதைச் சரியாக எழுதும்படி கேட்டுக்கொண்டேன்.

இன்று 20.01.2026 செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்கு, வனத்துறை விசாரணை அலுவலர் முன்னிலையில், பெண் காவலர் பானுமதி உடனிருக்க, யாரும் கூப்பிடாமல் நானாகவே வந்து இதைச் சொல்கிறேன். என் கணவர் வெளியே ஜன்னலை ஒட்டிய பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்காகக் கெஞ்ச வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நான் என்ன சொல்லப்போகிறேன் என்பது அவருக்குத் தெரியாது.

என் கணவர் சவுதியில், தம்மாமில் ஏ.சி. மெக்கானிக். பதினோரு வருடமாக அங்கே இருக்கிறார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். உமைராவுக்கு ஒன்பது வயது ஆகிறது. அவளோடு அவர் இருந்த நாட்களை எல்லாம் ஒன்றாகக் கூட்டினாலும் ஒரு வருடம் தேறாது. இந்த முறை டிசம்பர் முதல் வாரத்தில் வந்தார். வியாழக்கிழமை, அதாவது நாளை மறுநாள், அவர் திரும்பிப் போக டிக்கெட் போட்டிருக்கிறது. அன்று போகாவிட்டால் அந்த வேலை அவருக்கு இல்லை என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள்.

லீவு முடிவதற்குள் மகளை எங்கேயாவது அழைத்துப் போக வேண்டும் என்று அவருக்கு ஆசை. அப்போது திட்டக்குடி ஆனந்தராஜ் என்பவரின் விளம்பரம் போனில் வந்தது. சொந்தக் கார், ஒருநாள் கல்வராயன் மலைச் சுற்றுலா, இயற்கைக் காட்சி, காட்டு விலங்கு நிச்சயம் பார்க்கலாம் என்று போட்டிருந்தது. நிச்சயம் என்ற சொல்லைப் படித்ததுமே எனக்குச் சிரிப்பு வந்தது. காட்டு விலங்கு என்ன ரேஷன் கடை அரிசியா, நிச்சயமாகக் கிடைக்க? ஆனால் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

11ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை சுபுஹு தொழுதுவிட்டு ஐந்தரை மணிக்குப் புறப்பட்டோம். காரில் ஆனந்தராஜ், என் கணவர், நான், உமைரா நான்கு பேர் மட்டும். வேப்பூர், கள்ளக்குறிச்சி, கச்சிராயப்பாளையம் வழியாகப் போய், அதன் பிறகு மலை ஏறினோம். மேலே ஒரே பனி. அவர் சவுதியிலிருந்து கொண்டுவந்த பைனாகுலரை உமைரா கழுத்தில் மாட்டியிருந்தாள். அதன் பிறகு அருவி பார்த்தோம், தண்ணீர் கொஞ்சம்தான் விழுந்தது. அதன் பிறகு இரண்டு இடத்தில் நிறுத்தி நின்று பார்த்தோம். குரங்குகள்தான் வந்தன. உமைரா, "கொரங்கு நம்மூரு கோயிலாண்டயே இருக்குதே அத்தா, இதுக்கா இம்மாந்தூரம் வந்தோம்?" என்றாள். பிள்ளை கேட்டதில் தப்பில்லை. ஆனால் அவருக்குச் சுருக்கென்று பட்டிருக்க வேண்டும்.

மத்தியானம் ஒரு பாறைமேல் உட்கார்ந்து, நான் கட்டிக்கொண்டு போன நெய்ச்சோற்றைச் சாப்பிட்டோம். அவர் இரண்டு கவளத்துக்கு மேல் சாப்பிடவில்லை. அப்போது ஆனந்தராஜ், "நீங்க சாப்ட்டுட்டு இருங்க, நான் போயி எங்கனா எறங்கி நிக்குதான்னு பாத்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு, கார் டிக்கியிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்துக்கொண்டு போனார். பை கனமாகத் தொங்கியது. கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது பை மடித்துக் கக்கத்தில் இருந்தது. அதை அப்போது நான் பார்த்தேனே தவிர யோசிக்கவில்லை.

அதன் பிறகு எங்களை ஓர் ஓடைக் கரைக்கு அழைத்துப் போனார். "கிட்டக்கப் போவாதீங்க, ஓடிடும்" என்று சொல்லி, ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்த மரத்தைக் காட்டினார். ஒரு ஆள் உயரத்தில், கிளை பிரியும் இடத்தில் ஒரு தேவாங்கு உட்கார்ந்திருந்தது. என் கணவர் பைனாகுலரை வாங்கிக் கண்ணில் வைத்தார். "சுப்ஹானல்லாஹ்" என்றார். போனில் பெரிதாக்கி ஒரு போட்டோ எடுத்தார். அதன் பிறகு உமைராவைத் தோளில் தூக்கி வைத்துக் காட்டினார். ஒன்பது வயதுப் பிள்ளை, கனம். அவர் இறக்கவே இல்லை. அவள் இரண்டு கையாலும் அவர் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவர்கள் இருவரையும் அப்படி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

கடைசியில் பைனாகுலர் என்னிடம் வந்தது. பார்த்தேன். அது நான் வரைந்த தேவாங்கு.

எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். சொல்கிறேன். எங்கள் கம்பெனிக்குப் போன நவம்பரில் மலைப் பக்கத்துக் கடை ஒன்றிலிருந்து தேவாங்கு, மலை அணில், ஆந்தை பொம்மைகளுக்கு ஆர்டர் வந்தது. அச்சில் ஊற்றி எடுத்து ஒரு தடவை சுட்டதும் பெயிண்டிங்குக்கு எங்களிடம் வரும். உடம்புக்கு வேறு ஆட்கள் வண்ணம் கொடுப்பார்கள். கண் மட்டும் நான். கறுப்பு வட்டம் காய்ந்ததும், கடைசியாக இரண்டு கண்ணிலும் மேல் பக்கம் ஒரே இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி வைப்பேன். அந்தப் புள்ளி விழும்வரை அது களிமண். விழுந்த பிறகுதான் அது நம்மைப் பார்க்கும்.

ஒருநாள் ஒரு தேவாங்குக்கு வலது கண்ணில் புள்ளி வைத்துவிட்டு இடது கண்ணுக்குப் போகும்போது போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன். என் கணவர், "முபீனா, லீவு கெடச்சிருச்சு" என்றார். என் கை ஆடிவிட்டது. எட்டு வருடத்தில் ஆடாத கை. இடது கண்ணில் புள்ளி கீழே போய் விழுந்துவிட்டது. எங்கள் சூப்பர்வைசர் தங்கம்மாள் பார்த்துவிட்டு, "ஏம்மா, ஒரு கண்ணு வானத்தப் பாக்குது, ஒரு கண்ணு பூமியப் பாக்குது, எவன் வாங்குவான்?" என்று சிரித்து அதைக் கழிவுப் பொம்மைகளோடு வைத்துவிட்டார். மேலே பளபளப்புக்குக் கிளேஸ் ஊற்றிச் சுட்ட பிறகு அந்தக் கழிவுச் சாமான்களை யார் வேண்டுமானாலும் வந்து வாங்கிப் போவார்கள். அப்படி ஆனந்தராஜ் வாங்கியிருக்க வேண்டும். கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதையாக அதை என்னிடமே கொண்டுவந்து காட்டினார். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. புர்கா போட்ட பொம்பளை, சவுதிக்காரர் சம்சாரம், அவ்வளவுதான் அவருக்கு.

அங்கேயே ஏன் சொல்லவில்லை என்று அலுவலர் கேட்டார். வாய் வரை வந்துவிட்டது. எனக்கு அப்படி ஒரு கோபம். ஆனந்தராஜ் பல்லைக் காட்டிக்கொண்டு, "பாத்தீங்களாக்கா, எல்லாம் உங்க ராசி" என்றார். அந்தாள் கன்னத்தில் ஒன்று விடலாமா என்று இருந்தது. அப்போது என் கணவர் பக்கத்தில் வந்து, காதோடு, "அது என்னியேதான் பாக்குது முபீனா" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. நான், "ஆமாங்க, உங்களத்தான் பாக்குது" என்றேன். அது பொய் என்று எழுத வேண்டாம். அந்தப் புள்ளி அவர் குரலைக் கேட்டு விழுந்ததுதான்.

நான் வரைந்த பொம்மைகளை அவர் நேரில் பார்த்ததே இல்லை. போட்டோ அனுப்பினால், "சூப்பர்" என்று ஒரு வார்த்தை வரும். எத்தனை வருடமாக நான் கண் வரைந்தும் யாரும் ஒரு பொம்மையை அப்படி நின்று பார்த்து நான் கண்டதில்லை. அவர் பார்த்தார். எனக்கு அழுகையாகவும் இருந்தது, அசிங்கமாகவும் இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. எது கூட இருந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் வீடு திரும்பினோம். அதன் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். அவர் போனில் எடுத்த போட்டோவைத் தம்மாமில் அவரோடு ரூமில் இருப்பவர்களுக்கு அனுப்பினார். அனுப்பியதோடு நிற்காமல், கையை நீட்டினேன், கையிலேயே வந்து உட்கார்ந்தது, பழம் கொடுத்தேன், தின்றது என்றும் எழுதினார். தவளை தன் வாயால் கெட்டது. அது கை மாறிக் கை மாறி இந்த ஆபீசுக்கு வந்து, 16ஆம் தேதி அவரைக் கூப்பிட்டார்கள். தேவாங்கு ராத்திரியில் நடமாடுவது, பட்டப்பகலில் வெட்ட வெளியில் கண்ணை விழித்துக்கொண்டு உட்காராது, அப்படியானால் யாரோ பிடித்து வைத்துக் காட்டியிருக்கிறார்கள், யார் பிடித்தது, யாருக்கு விற்கப் பார்த்தீர்கள் என்று கேட்டார்கள். ஆனந்தராஜின் போன் அன்றிலிருந்து அணைந்து கிடக்கிறது. விசாரணை முடியும்வரை என் கணவர் ஊரைவிட்டுப் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

அதன் பிறகு அவர் இங்கே கொடுத்த வாக்குமூலத்தை வீட்டுக்கு வந்து எனக்கு அப்படியே சொன்னார். "கையில வந்துச்சுன்னு எழுதுனது பொய்யிங்க சார், சும்மா பெருமைக்கு எழுதிட்டேன். ஆனா உசுரோட பாத்தது நெசம், எங்க வேணாலும் சத்தியம் பண்றேன்" என்று சொன்னாராம். வேறு ஏதாவது சொல்லித் தப்பித்துக்கொள்ளும்படி அவருடைய மச்சான் ஹமீத் எவ்வளவோ சொன்னார். "பதினோரு வருசத்துல எம் மவளுக்கு நான் காட்டுனது அது ஒண்ணுதான், அத இல்லன்னு சொல்லச் சொல்றியா?" என்று அவரிடம் சண்டைக்குப் போய்விட்டார்.

அதைக் கேட்டுக்கொண்டு நான் பக்கத்திலேயே நின்றேன். அப்போதும் சொல்லவில்லை. நாலு நாள் சொல்லாமல் இருந்தது என் தப்பு, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனந்தராஜ் அகப்பட்டால் அவர் வாயாலேயே வரட்டும், என் வாயால் வர வேண்டாம் என்று இருந்தேன். ஆள் அகப்படவில்லை. நேற்று என் கணவர் பயணத்துக்குத் தயாராக வைத்திருந்த பெட்டியில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். அதைப் பார்த்த பிறகுதான் இங்கே வர முடிவு செய்தேன்.

அதே அச்சில் வார்த்த இன்னொரு தேவாங்கு பொம்மையைத் தங்கம்மாளிடம் கேட்டு வாங்கி வந்திருக்கிறேன். அதை மேஜைமேல் வைத்தேன். சூளையில் வெடிக்காமல் இருக்க அடியில் விட்டிருக்கும் பென்சில் கன ஓட்டையையும் காட்டினேன். அதன் பிறகு அலுவலர் அந்தப் போட்டோவைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கினார். வலது கண்ணில் வெள்ளைப் புள்ளி மேலே இருந்தது. இடது கண்ணில் கீழே இருந்தது. ஒரே வெளிச்சம் இரண்டு கண்ணில் இரண்டு இடத்தில் விழாது என்று சொன்னேன். அலுவலர் வெகுநேரம் பார்த்துவிட்டு, சரிதான் என்றார். பின்னால் நின்ற ஒரு வனக் காவலர் சிரித்துவிட்டார். "சிரிக்காதீங்க சார். அவர மாதிரி நீங்க பதினோரு வருசம் ஏ.சி. பொட்டிக்குள்ள தலைய வுட்டுக்கிட்டுக் கெடந்திருந்தா நீங்களும் நம்பியிருப்பீங்க" என்றேன்.

ஆனந்தராஜ் செய்தது ஏமாற்று வேலை. அதற்கு அவரைக் கூப்பிட்டு என்ன கேட்க வேண்டுமோ கேளுங்கள். ஆனால் அவர் எந்த உயிரையும் பிடித்து வைக்கவில்லை. என் கணவருக்கு இதில் ஒன்றும் தெரியாது.

அன்று உண்மையில் ஏதாவது காட்டு விலங்கைப் பார்த்தீர்களா என்று கடைசியாக அலுவலர் கேட்டார். குரங்கு தவிர ஒன்றைப் பார்த்தேன். எல்லாரும் பொம்மையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு அங்கே பார்க்கக் கூசியது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எங்கள் தலைக்கு மேலே ஒரு கிளையில் மலை அணில் இருந்தது. செம்மண் நிறம், கருத்த முதுகு. பொம்மையில் நாங்கள் வாலைத் தூக்கி நிறுத்தி வார்ப்போம். இதன் வால் தோய்த்துக் காயப்போட்ட துணி மாதிரி கீழே தொங்கிக்கொண்டிருந்தது. எதையோ கொறித்துக்கொண்டே ஒருமுறை என்னைக் குனிந்து பார்த்தது. பிறகு அடுத்த மரத்துக்குத் தாவிப் போய்விட்டது. கூப்பிட்டுக் காட்டியிருந்தால் உமைரா பார்த்திருப்பாள். கூப்பிட்டால் அவர் தோளிலிருந்து அவள் இறங்க வேண்டும். நான் கூப்பிடவில்லை. இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மேலே உள்ளதெல்லாம் நான் சொன்னது, யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, மிரட்டி வாங்கியதும் இல்லை. வழக்கில் என் கணவர் பெயர் வராது, வியாழக்கிழமை பயணம் போகலாம் என்று அலுவலர் சொன்னார். எழுதியதைப் படித்துக்காட்ட வேண்டும், அது முறை என்றார்கள். சத்தமாகப் படிக்க வேண்டாம், ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவர் இருக்கிறார் என்றேன். எப்படியும் அவருக்குத் தெரியத்தானே போகிறது என்று பானுமதி கேட்டார். தெரியும், வீடு போய்ச் சேருவதற்குள் நானே சொல்லிவிடுவேன், அணிலையும் சேர்த்துச் சொல்வேன், ஆனால் இங்கே காக்கிச் சட்டை வாயால் அவர் கேட்க வேண்டாம் என்றேன். பானுமதி எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து, என் காதோடு முழுவதும் படித்தார். நான் சொன்னபடியே இருக்கிறது.

(ஒப்பம்)
ந. முபீனா